காற்று வந்த ஞாயிறு

ஜூலைக் குளிரில் ஆண்டிஸ் மலை முகடுகளைத் தாண்டிக் கீழிறங்கும் மேற்குக் காற்று சில நாட்கள் அலை போலத் துள்ளி எழும். அந்த அலையில் ஏறிவிட்டால் எஞ்சினே இல்லாத கிளைடரும் பயணிகள் விமானம் போகிற உயரத்துக்குப் போகலாம். ஆனால் அப்படியொரு நாள் ஒரு குளிர்காலத்தில் ஒன்றோ இரண்டோ வாய்த்தால் பெரிது. அந்த உயரத்துக்குத் தோதாக ஊர் கிளைடர் கிளப்பில் இருந்ததும் ஒரே ஒரு கிளைடர்தான், அதுவும் ஒற்றை இருக்கை. அதனால் முறை வைத்துத்தான் பறந்தார்கள். இந்த வருடம் முதல் முறை ஒஃபேலியாவுடையது.

ஊரில் பல் மருத்துவராக இருந்தாள் ஒஃபேலியா. டயர் கடை வைத்திருக்கும் செல்சோவும் அவளும் ஒரே வருடத்தில் பறக்கக் கற்றவர்கள். அவள் புருஷனைப் பிரிந்து கிடந்த நாட்களில் வாசலில் வந்து ஹாரன் அடித்து, வா பறக்கலாம் என்று இழுத்துப் போனவன் அவன்தான். அலையில் ஏறிக் குறித்த உயரத்தைத் தொட்டவர்களுக்குத் தரும் வைரப் பதக்கம் இருவருக்குமே இன்னும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காற்று இல்லை. இறக்கைகளில் படிந்த உறைபனியைத் துணியால் துடைத்துவிட்டு ஆளுக்கொரு தடவை சும்மா சுற்றி இறங்கினார்கள். மாலையில் கொட்டகைக்குள் அடுப்பருகே மாட்டே தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டிருக்கையில், எல்லோரும் மரியாதைக்கு 'டான்' சேர்த்து அழைக்கும் தலைமைப் பயிற்சியாளர் அன்செல்மோ நாளைக்குக் காற்று வரும் என்றார். முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று செல்சோ மெதுவாகக் கேட்டான்.

"போடா. உனக்கு அடுத்த காத்து" என்று சிரித்தாள் ஒஃபேலியா. அவனும் சிரித்தான்.

ஞாயிறு விடிந்தபோது மலைக்கு மேலே தட்டுத் தட்டாக அடுக்கிய மேகம், அலைக் காற்று வந்ததற்கு அடையாளம். அவள் இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். அன்செல்மோ அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"இன்னிக்கு நீ பறக்க வேணாம், ஒஃபேலியா."

"ஏன், டான் அன்செல்மோ?"

"போன மாசம் மேலே பயத்துல உறைஞ்சு போயிட்டியாமே. செல்சோ பின்னாடி இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?"

நடந்தது உண்மைதான், ஆனால் பயத்தால் இல்லை. இரட்டை இருக்கை கிளைடரில் இருவரும் உயரே போயிருந்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, செல்சோதான் இறக்கினான். தரைக்கு வந்ததும் அவளுடைய ஆக்சிஜன் குழாய் இருக்கைக்கு அடியில் சிக்கி மடிந்து கிடந்ததைக் கையில் எடுத்துக் காட்டியவனும் அவனே. கிளப்பில் சொன்னால் பெரிதுபடுத்துவார்கள், நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றவனும் அவன்தான்.

அவள் திரும்பினாள். செல்சோ ஏற்கெனவே பாராசூட்டை மாட்டிக்கொண்டு நின்றான். குழாய் மடிந்திருந்த கதையை அவள் அன்செல்மோவிடம் சொன்னாள். கிழவர் அவன் பக்கம் பார்த்தார்.

"அப்படியா செல்சோ?"

செல்சோ பட்டையின் கொக்கியை இறுக்கிக்கொண்டே, "குழாயா? எனக்கு ஞாபகம் இல்லை" என்றான்.

கோபம்கூட உடனே வரவில்லை அவளுக்கு. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற தட்டை யாரோ இழுத்துக்கொண்டு போனது போல வெறுமனே நின்றாள். அவன் மறந்திருந்தால் அவளைப் பார்த்துச் சொல்லியிருப்பான்.

கிளைடரைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துப் போகும் விமானத்தை ஓட்ட அன்செல்மோ போய்விட்டார். கிளைடரின் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓட ஆள் வேண்டும். மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை, ஓடுதளத்தில் அவளைத் தவிர யாருமில்லை. பக்கவாட்டில் அடித்த காற்றில் அந்த இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளினால் கிளைடர் கவிழ்ந்துவிடும். அவள் அதை மட்டமாகப் பிடித்தாள். கயிறு இறுகியதும் கூடவே ஓடி, சரியான நேரத்தில் விட்டாள். உறைந்த புல்லில் மூச்சு வாங்கிக்கொண்டு, அவன் மேகத்தட்டுக்கு முன்னால் சிறுத்துச் சிறுத்துப் போவதைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

மதியத்துக்கு மேல் அவன் இறங்கினான். பதக்கத்துக்கு வேண்டிய உயரத்தைத் தாண்டியிருந்தான். எல்லோரும் கட்டித் தழுவினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, காருக்குள் ஏறப்போனவளிடம் வந்தான்.

"கோவமா? எனக்கு இடுப்பு போயிட்டு இருக்கு. டாக்டர் இந்த வருஷத்தோட நிறுத்தச் சொல்லிட்டாரு. அடுத்த காத்து எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்?"

"அதை நேத்து அடுப்புப் பக்கத்துல சொல்லியிருந்தா, நானே உனக்குப் பட்டை கட்டி விட்டிருப்பேன் செல்சோ" என்றாள் அவள்.

அன்செல்மோவிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றாவது சொல்வான் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

அடுத்த வாரமே அவள் தெற்கே இன்னொரு ஊர்க் கிளப்பில் சேர்ந்தாள். மூன்று மணிநேரக் கார்ப் பயணம். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து பயிற்சியாளரோடு பறந்து காட்ட வேண்டியிருந்தது. காட்டினாள். செல்சோவை ரொட்டிக் கடையில் பார்ப்பதுண்டு. வணக்கம் சொல்வாள். அவள் கார் டயர்களை மட்டும் வேறு கடையில்தான் மாற்றுகிறாள்.