மூக்கு வைத்த காசு

பதினேழு வருஷமாக நான் அச்சில் செதுக்கி வந்தது இன்னதென்று எனக்கே தெரியாது. ஒரு பக்கம் வளைந்த கோடும் புள்ளிகளும். மறுபக்கம் ஒரு தண்டு, அதன்மேல் சில புள்ளிகள். முந்தைய அச்சைப் பார்த்து அடுத்த அச்சு. கூர்ஜர நாட்டு அணகிலவாடத்து நாணயச்சாலையில் வேலை அவ்வளவுதான். ஊரார் அதைக் கழுதைக் குளம்பு என்றார்கள்.

போன வாரம் குளத்தைத் தூர்வாரியபோது பழைய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. தேய்த்தேன். அடேயப்பா! வளைந்த கோடு கன்னம்! புள்ளிகள் முத்துமாலை! முகம் ஐயா, முகம்! சோறு தண்ணி மறந்து, மூக்கும் முழியுமாகப் புது அச்சு வெட்டினேன். மறுபக்கம் என்னவென்று புரியாவிட்டாலும் அந்தக் காசில் இருந்தபடியே வெட்டினேன்.

நாணயச்சாலைத் தலைவர் ஜசவீர் சேட் அதில் அடித்த காசைத் தடவினார்.

"யோவ் வச்சகா, காசுக்கு எதுக்குய்யா மூக்கு? மோந்து பாக்கவா?"

"சேட், இதுதான் அசல். நாமதான் தப்புத்தப்பா வெட்டிக்கிட்டு இருந்திருக்கோம்!"

"வா, கடைத்தெருவுல காட்டுவோம். செல்லலேன்னா நாளையிலேருந்து உன் உளி சாடனுக்கு."

சாடன் என்னிடம் எடுபிடியாக இருக்கும் பையன்; அவனுக்கு நேர்கோடுகூட வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்ணெய்க்காரன், "கள்ளக்காசு" என்று தள்ளினான். தானியக்காரி சிரித்தாள். "என்னையே முறைக்கிறானே இந்த ஆளு! வேண்டாம்பா."

அடுத்து, கடற்கரைச் சஞ்சானிலிருந்து துணி விற்க வந்திருந்த, நெருப்பை வணங்கும் பார்சி நெசவாளி மர்சபான். காசைத் திருப்பியதும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே, இது நெருப்பு! எங்க நெருப்பு! ரெண்டு பக்கமும் காவல் நிக்கிறாங்க பாருங்க. அந்தப் பக்கம் பாரசீகத்துல எங்களை ஆண்ட பழைய ராசா!"

தண்டு நெருப்பு மேடை! புள்ளிகள் தீக்கொழுந்து! எனக்குத் தெருவிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"வாங்கிக்கிறீங்களா?" என்றார் சேட்.

மர்சபான் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வாங்கிப்பேன். ஆனா செலவு பண்ண மாட்டேன்."

"செலவாகாத காசு ஒரு காசா? போச்சுய்யா உன் உளி."

 மர்சபான் தன் மடியிலிருந்து வழக்கமான காசு ஒன்றை எடுத்து, என் காசோடு சேர்த்துப் பார்த்தார்.

"இதுலயும் நெருப்பு இருக்கே! அண்ணே, மூக்கை எடுத்துடுங்க. முகத்தைப் பாத்தா பயப்படுறாங்க. நெருப்பை மட்டும் அணைச்சிடாதீங்க. தெரியாமலே ஊரு பூரா கொண்டு போகட்டும்."

"சேட், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வேறோர் அச்சு எடுத்துக் கன்னத்தைப் பழைய கோடாக்கினேன். மூக்கு இருந்த இடத்தில் புள்ளி வைத்தேன். தீக்கொழுந்துகளை மட்டும் ஒவ்வொன்றாக ஆழமாக வெட்டினேன். அந்தியில் சேட் அந்தக் காசை எண்ணெய்க்காரனிடம் நீட்டினார். அவன் ஒரு முறை சுண்டிப் பார்த்துவிட்டு மடியில் முடிந்துகொண்டான்.

நானும் மர்சபானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "என்னய்யா சிரிப்பு?" என்று அதட்டினான் எண்ணெய்க்காரன்.