கரை போடாத வேட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜவுளிக்கடை வைரவனின் வலது கை ஒரு சிவப்புத் துண்டுக்கு அடியில் இருந்தது. துண்டு மாயாண்டியுடையது. அதே துண்டுக்கு அடியில் மாயாண்டியின் கையும் இருந்தது. பூண்டுலோயாக் கடைவீதிக்குப் பின்னால், ஆற்றோரத் திடலில் மாடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இப்படித்தான் விலை பேசுவார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விலையை விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, மடக்கினால் அதில் பாதி. பேரம் படிந்ததா முறிந்ததா என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் துளிக்கூடத் தெரியாது.

மாயாண்டி வாரத்தில் ஆறு நாள் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், ஏழாம் நாள் மாட்டுத் தரகர். அன்று அவர் விற்க வந்தது தன் சொந்தச் செவலைப் பசுவை. வைரவனோ பேரத்தில் தோற்றதாகக் கடைவீதியில் சாட்சி கிடையாது. துணியைத் தொட்டே எந்த ஊர் நூல், எத்தனை சலவை தாங்கும், எந்தச் சாயம் முதல் மழையிலேயே கைவிடும் என்று சொல்லிவிடுவார். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பது அவருடைய தொழில் வேதம்.

மாயாண்டி நாலு விரலைப் பிடித்தார். வைரவன் ஒன்றை மடக்கினார். மாயாண்டி அதை நிமிர்த்தினார். மறுபடி மடக்கப் போகும் நேரத்தில் பசு தலையை உதற, துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

மாயாண்டியின் விரல் நுனிகள் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்ததுபோல் வெளுத்திருந்தன. இரண்டாம் கணு வரைக்கும் வெள்ளை.

"வெண்குஷ்டம்" என்றார் வைரவன்.

அவர் கத்தவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் தங்கள் மாடுகளை இழுத்துக்கொண்டு இரண்டடி விலகினார்கள். மாயாண்டி குனிந்து துண்டை எடுத்து, கையைச் சுற்றிக்கொண்டு, பசுவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சொல் அவருக்கு முன்னால் பத்து மணி பஸ்ஸிலேயே ஏறித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வைரவனின் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: 'வெட்டிய துணி திரும்ப எடுக்கப்பட மாட்டாது.' சொல்லுக்கும் அதே சட்டம்தான் என்று அந்தப் பலகை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தவர் முதலில் உப்பைப் போட்டுக் கையைத் தேய்த்தார். பிறகு எலுமிச்சை. பிறகு மண்ணெண்ணெய். கடைசியில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் சிவப்புச் சவுக்காரம். அன்றிலிருந்து தினமும் இதே சடங்கு. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் சங்கதி, தெய்வாதீனமாகத் துண்டு நழுவியது என்றார். சொல்லச் சொல்லக் கதைக்குக் கொஞ்சம் சரிகையும் சேர்ந்தது. சுண்ணாம்பு வெள்ளை முழங்கை வரைக்கும் ஏறியது.

அடுத்த ஞாயிறு மாயாண்டி திடலுக்கு வந்து துண்டை விரித்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றார். ஒருவரும் கை நீட்டவில்லை. தோட்டத்தில் நிலைமை அதைவிட மோசம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் விழுகிற பீலியில் அவர் மனைவி ராக்காயி குடம் பிடித்துப் போனால், அடுத்து வருகிறவள் பீலியைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். பெரிய கங்காணி கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் நோயில்லை என்று டாக்டர் காகிதம் கொண்டுவராவிட்டால் லயத்தில் அவர் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பிராவைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். தோட்டத்துப் பேரேட்டில் பேர் வெட்டினால் வேலை இல்லை, காம்பிரா இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்த ஊரோ மாயாண்டி கண்ணால் காணாத ஊர்.

இதெல்லாம் வைரவனின் காதுக்கும் வந்தது. கண்ணில் பட்டதைச் சொன்னேன், அதில் என்ன தப்பு என்று துணியை மடித்து வைத்தார். மனசுதான் மடிப்பில் நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவருடைய வலது புறங்கையில் அரிப்போடு ஒரு தடிப்பு கிளம்பியது. மாலைக்குள் அது செதில் விட்டது. மறைக்கப் பார்த்தார். ஆனால் கட்டிய மனைவியின் கண்ணுக்குத் துண்டு போட முடியுமா? சீதாலெட்சுமி அவருடைய தம்ளரையும் தட்டையும் தனியே எடுத்து வைத்தாள். பாயைக் கொண்டுபோய் முன்னறையில் போட்டாள்.

"என்னடி இது, நான் என்ன தீண்டாதவனா?"

"நீங்கதானங்க ஊருக்கெல்லாம் சொன்னீங்க, தொட்டாலே ஒட்டிக்கும்னு. வீட்டுக்கு மட்டும் வேற சட்டமா?"

வைரவன் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

மறுநாள் சரக்கு எடுக்கப் போவதாகக் கடையில் சொல்லிவிட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார். இந்தியத் துணிக்குக் கட்டுப்பாடு வந்து, எடுக்கச் சரக்கே இல்லாத வருஷம் அது. பொய்கூடச் சரியாக வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இன்னொருவர். மாயாண்டி.

மாயாண்டி அவருடைய துண்டைப் பார்த்தார். வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"தள்ளி உக்காருங்க மொதலாளி. ஒட்டிக்கிரும்."

கேலியா வருத்தமா என்று வைரவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாகத்தான் இருந்திருக்கும். அவர் உட்காரவில்லை; கூப்பிடும் வரை ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மாயாண்டியைக் கண்ணை மூடச் சொல்லி, வெளுத்த விரல்களில் பஞ்சால் தடவினார், ஊசியால் தொட்டார். ஒவ்வொரு தடவையும் மாயாண்டி இடத்தைச் சரியாகச் சொன்னார். உணர்ச்சி முழுசாக இருக்கிறது, நல்ல அறிகுறி என்றார் டாக்டர். ஆனாலும் காகிதம் கொடுப்பதற்கு முன் அரிசியளவு தோலை எடுத்துச் சோதிக்க வேண்டும். தன் தோலையும் வெட்டிப் பார்த்தால்தான் ஆயிற்று என்று வைரவன் ஒற்றைக் காலில் நின்றார். தடிப்பைப் பார்த்துச் சிரித்த டாக்டர், கடைசியில் அதற்குச் சற்றுத் தள்ளி, நல்ல தோலில் ஒரு பொட்டு எடுத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து இரண்டு பேரையும் வரச் சொன்னார்.

அந்தப் பத்து நாளும் முன்னறைப் பாயில் வைரவனுக்குத் தூக்கம் வரவில்லை. தனக்கு ஒரு தட்டுத்தான் தனி. மாயாண்டிக்கு ஊரே தனி என்பது அங்கேதான் உறைத்தது.

பத்தாம் நாள் டாக்டர் அவர்களைச் சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு நுணுக்குக்காட்டிக்கு முன் உட்கார வைத்தார். கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த தோல் நூலைவிட மெலிசு. வைரவன் குழாயில் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் மங்கல். பிறகு, அவருடைய கடையே உள்ளே தெரிந்தது. மேலே பழைய பொதிச் சாக்குபோல் உரிந்து நிற்கும் செதில். அதற்குக் கீழே தட்டுத் தட்டாக அடுக்கிய துணிக்கட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்பொட்டு. அடிவரிசையில் கட்டுகள் நிமிர்ந்து நெருக்கமாக நின்றன. அதற்கும் கீழே சிக்கெடுக்காத நூல்கற்றைகள்.

"நீங்கள் பாக்கிற கட்டம் ஒவ்வொண்டும் ஒரு கலம், செல் எண்டும் சொல்லுவினம்" என்றார் டாக்டர். அடிவரிசையில் பிறக்கிற கலங்கள் ஒரு மாதம்போல மேலே ஏறிவந்து, தட்டையாகி, செத்து, செதிலாக உதிர்ந்துவிடும் என்று விளக்கினார்.

"அப்ப மாசாமாசம் சரக்கு மாறுதுன்னு சொல்லுங்க" என்றார் வைரவன்.

டாக்டர் இரண்டாவது தகட்டை மாற்றி வைத்தார். அதே அடுக்கு, அதே பொட்டு, அதே நூல். ஒரே ஒரு வித்தியாசம். இதில் அடிவரிசை நெடுகப் பழுப்பு நிறத்தில் துகள் துகளாகக் கறை படிந்திருந்தது. முதல் தகட்டில் அது இல்லை.

"வடிவாப் பாருங்கோ. இதில எது மாயாண்டியின்ர தோல் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

வைரவனுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கறை பட்ட துணியைத் தள்ளுபடிக்கு ஒதுக்கி வைத்து நாற்பது வருஷம் பழகிய கண். "இதுதாங்க. கறை பட்டிருக்கே. இதுதான் நோயாளித் தோலு."

"அது உங்கட தோல்" என்றார் டாக்டர்.

மாயாண்டி வாய்விட்டுச் சிரித்தார். மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அதுவே முதல் தடவை.

அந்தப் பழுப்புதான் மனிதனின் நிறம் என்றார் டாக்டர். அடிவரிசைக்கு இடையிடையே நிறம் செய்கிற கலங்கள் சில உண்டு. அவை கைநீட்டிப் பக்கத்துக் கலங்களுக்கு நிறத்தை ஊட்டும். கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் அந்தக் கலங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். செய்து கொடுக்கிற நிறம்தான் கூடும் குறையும். மாயாண்டியின் விரலில் அந்தக் கலங்கள் மட்டும் இல்லாமல் போய்விட்டன. மற்றபடி தோல் முழுசு. கிருமி இல்லை, தொட்டால் ஒட்டாது, குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேரை வைத்தவன்தான் பிழை விட்டான். நிஜமாகவே குஷ்டம் வந்தவருக்கும் இப்போது மருந்து இருக்கிறது, அவரையும் துரத்துவது பாவம் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப என்னோட அரிப்பு?"

"அது மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சதில வந்த தோல் வருத்தம். கையைச் சும்மா விடுங்கோ, மாறிடும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் வைரவன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார், பசுவை விற்றாயிற்றா என்று. யார் வாங்குவார்கள் என்றார் மாயாண்டி.

அடுத்து வந்த ஞாயிறு திடல் நிறையக் கூட்டம். காகிதத்தைப் படித்த கங்காணி சும்மா இருந்தாலும், எழுத்துத் தெரியாத ஊருக்குக் காகிதம் எந்த மூலைக்கு? செவலைப் பசுவோடு மாயாண்டி ஓரமாகத்தான் நின்றார். வைரவன் நேரே அவரிடம் போனார். மாயாண்டி வழக்கப்படி துண்டை விரித்தார். வைரவன் அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெளுத்த விரல்களை எல்லாரும் பார்க்கத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"எல்லாரும் பாத்துக்கங்க. நான் சொன்ன பேரு தப்பு. இது குஷ்டம் இல்ல. பெரியாஸ்பத்திரியில கண்ணாடி வச்சு என் தோலையும் இவரு தோலையும் பாத்தேன். நெசவு ஒண்ணு, நூலு ஒண்ணு. எனக்குக் கரை போட்டிருக்கு, இவருக்குப் போடல, அவ்வளவுதான். கரை போடாததால வேட்டி வேட்டி இல்லன்னு ஆயிருமா? என் கடையில வெட்டின துணிய நான் திருப்பி எடுக்கிறதில்ல. வெட்டின சொல்ல இன்னைக்குத் திருப்பி எடுத்துக்கிறேன். நோவு என்னன்னு தெரியாம பேரு வைக்காதீங்க. பேருக்குப் பயந்து மனுசனத் தள்ளி வைக்காதீங்க."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் மட்டும், தன் கன்றுக்கும் தரகு பேச வேண்டும், எத்தனை மணிக்கு வரட்டும் என்று மாயாண்டியைக் கேட்டார்.

மாயாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொதலாளி, கைய விடுங்க. வெலை ஊருக்கே தெரிஞ்சிரும்."

"ஆமா, இப்ப மூடலாம்" என்று வைரவன் துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கும் மேலே போட்டார். "மறைக்க வேண்டியது வெலைய மட்டுந்தான், கைய இல்ல."

துண்டுக்கு அடியில் மாயாண்டி நாலு விரலைப் பிடித்தார். வைரவன் ஒன்றை மடக்கினார். மாயாண்டி அதை நிமிர்த்தினார்.

"தோலு ஒண்ணுதான்னு நீங்களே சொல்லிட்டு, வெலையில மட்டும் இப்படிக் கடிக்கிறீங்களே?"

"தோலு ஒண்ணுங்கறதாலதான்யா கடிக்கிறேன். பாவப்பட்டு வெலைய ஏத்திக் குடுத்தா, அப்புறம் நீ வேற நான் வேறன்னு ஆயிராதா?"