இரண்டு நிமிடம் பேசு, கிஷன்

அன்று காலையிலேயே சுப்பையா வேட்டி கட்டிக்கொண்டு, கூடத்து மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டுவிட்டார். மகள் குமுதாவின் நிச்சயம் முறிந்துவிட்டது. முறிந்தாலும் முறை முறைதான்; மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தை அவன் வீட்டார் தட்டில் வைத்து நேரில் கொண்டுவந்து தர வேண்டும். அவர்களும் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். வந்ததோ சாப்பாடு கொண்டுவரும் ரைடர். அவன் நீட்டிய பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தால், மோதிரத்தில் நாசி கண்டார் கடைச் சோற்றுக் குழம்பு வாசம்.

அப்பா வேட்டியை மாற்றவில்லை. பொழுது சாயும்வரை அந்த நாற்காலிகளில் ஒன்றில் அப்படியே உட்கார்ந்திருந்தார். குமுதா அதை நெஞ்சில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

நிச்சயம் முறிந்த காரணம் ஒன்றும் பெரிதில்லை. பாயான் லெப்பாஸில் எஞ்சினியரான மாப்பிள்ளை கிஷன் ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பிக்க இருந்தான். மனைவிக்கு ஆங்கிலம் வராவிட்டால் விசாவுக்கான புள்ளி குறையும் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டான். குமுதா டயாலிசிஸ் மையத்தில் தாதி. நோயாளிகளோடு மலாய், வீட்டில் தமிழ், ஆங்கிலம் மருந்துப் பெயர்களோடு சரி. "இவளக் கட்டிக்கிட்டு நான் எங்க போறது?" என்று கிஷன் கேட்டது நாலு வாய் மாறி அவள் காதுக்கே வந்து சேர்ந்தது. பாடாங் கோத்தா கடற்கரையில் அவளுக்குப் பசெம்பூர் ஊட்டிவிட்டவன் அவன்.

அடுத்த வாரமே குமுதா ஐஎல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிந்தாள். உடன் வேலை செய்யும் லைலா சொல்லிக்கொடுத்தாள். வாசிப்பும் எழுத்தும் உழைக்க உழைக்க வசப்பட்டன. பேச்சுத் தேர்வுதான் மிரட்டியது. தலைப்பு ஒன்று தருவார்கள். பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசிக்கலாம், பிறகு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். 'பிடித்த விடுமுறை' என்று லைலா ஆரம்பித்தாலே குமுதாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"அப்ப அவனத் திட்டு லா. இங்கிலீஷ்ல திட்டு. ஹெல்மெட்டுக்குள்ள யாருக்குக் கேக்கப் போவுது?" என்றாள் லைலா.

டத்தோ கிராமாட் வீட்டிலிருந்து மையத்துக்குப் போகும் வழியெல்லாம் மோட்டாரில் உட்கார்ந்தபடி குமுதா கிஷனைத் திட்டினாள். முதலில் வெறும் வசை. வசைக்குக் காரணம் சொல்ல வேண்டி வந்தது, காரணத்துக்கு உதாரணம் வேண்டி வந்தது. சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நாள் அவளுக்கு இரண்டு நிமிடம் போதவில்லை.

தேர்வில் வந்த தலைப்பு, 'உங்களுக்கு உதவிய ஒருவர்.' குமுதா சிரித்துக்கொண்டே கிஷனைப் பற்றிப் பேசினாள். தேர்வாளர் கையை உயர்த்தித்தான் அவளை நிறுத்த வேண்டியிருந்தது. பேச்சில் ஒன்பதுக்கு எட்டு வாங்கினாள்.

அதே தேர்வை எழுதிய கிஷனுக்கோ எழுத்துப் பகுதியில் ஒவ்வொரு முறையும் மதிப்பெண் இடித்தது. ஏஜெண்டு புது வழி சொன்னான். அங்கே தாதிகளுக்குக் கிராக்கி. மனைவி விண்ணப்பித்தால் கணவன் பின்னாலேயே போய்விடலாம். குமுதா வாங்கிய எட்டும் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிஷனின் அம்மா வள்ளியம்மா, வெற்றிலை பாக்கும் பட்டுப் புடவையும் வைத்த தட்டோடு மகனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கிஷன் இளைத்திருந்தான். அவள் வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தான். குமுதாவுக்கு ஒரு கணம் மனம் இளகத்தான் செய்தது. அவன் போய் உட்கார்ந்த நாற்காலி, அன்று அப்பா உட்கார்ந்திருந்தது. இளகியது இறுகிவிட்டது. காப்பி கலக்கிவருவதாகச் சொல்லி அடுக்களைக்குப் போனவள், கைபேசியில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தாள்.

பழசை மனதில் வைக்க வேண்டாம், நேரம் சரியில்லாமல் போய்விட்டது என்று வள்ளியம்மா தட்டை முன்னால் தள்ளினார். சுப்பையா மகள் முகத்தைப் பார்த்தார்.

"உங்க மகன் பேசட்டும் அத்தை," என்றாள் குமுதா. கிஷன் முன்னால் தாளையும் பென்சிலையும் வைத்தாள். "தலைப்பு இதுதான். எங்கப்பா காத்திருந்த அன்னிக்கு நீ ஏன் வரல? ஒரு நிமிஷம் யோசிச்சுக்க. அப்புறம் ரெண்டு நிமிஷம் பேசு. தமிழ்லயே பேசு, பரவால்ல."

அவன் சிரித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. நிமிடம் முடிந்தது. வேலை என்றான், ஷிஃப்ட் என்றான்.

"அம்மாதான் போவ வேணாம்னு..."

"நானாடா சொன்னேன்?" என்றார் வள்ளியம்மா.

கிஷன் பென்சிலைத் தள்ளி வைத்தான்.

வாசலில் மோட்டார் ஹார்ன் அடித்தது. குமுதா தட்டைத் தூக்கிக்கொண்டு போய், பச்சைச் சட்டை ரைடரிடம் கொடுத்தாள்.

"பாயான் லெப்பாஸ் அண்ணே. வெத்தல வாடாமப் பாத்துக்குங்க."

"நாங்களே எடுத்துட்டுப் போறோம், குமுதா," என்று கிஷன் எழுந்து வந்தான்.

"வேணாம். உங்க வீட்டு முறை இதுதானே?"

குழம்பு வாசமடிக்கும் பைக்குள் பட்டும் வெற்றிலையும் இறங்கின. மோட்டார் புறப்பட்டது. குமுதா கைபேசியைப் பார்த்தாள்.

"இன்னும் அரை நிமிஷம் இருக்கு, கிஷன். ஏதாவது சொல்றியா?"

அவன் செருப்பைத் தேடினான். உள்ளே சுப்பையா எழுந்து, சுவரோரத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார்.