கருகிய எலுமிச்சைத் தோல்

அந்தப் பாத்திரம் அலுமினியமா எவர்சில்வரா என்பதே எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிறேன். அக்கா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததால் அப்படித்தான் இருக்க வேண்டும். பேசிய பேச்சுகூடக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். வாசனைகள் மட்டும் மறக்கவில்லை. அவற்றை நம்பித்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. அத்தான் வாடகைக் கார் ஓட்டினார், கார் வேறொருவருடையது. அக்காவுக்குத் துறைமுகத்துப் பக்கம் மீன் வெட்டும் கொட்டகையில் வேலை. நான் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் ஒரு புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். அத்தான் எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

அந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு மணம் மூக்கைத் துளைக்கும். அத்தான் அடிக்கும் வாசனை ஸ்பிரே டின்னில் மல்லிகை என்று எழுதியிருக்கும், ஆனால் எந்த மல்லிகையும் தொண்டையைக் கரிக்காது. அத்தான் அதைக் கூடத்தில் அடிப்பார், செருப்பு அலமாரியில் அடிப்பார், திரைச்சீலையில் அடிப்பார். அக்கா வேலை முடிந்து படியேறும் சத்தம் கேட்டால் எழுந்து போய் இன்னொரு சுற்று அடிப்பார். அவள் உள்ளே வரும்போது காற்றில் ஈரம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் இருமிக்கொண்டே குளியலறைக்குப் போவாள்.

இருமல் இளைப்பாக மாறியது. மருத்துவமனையில் நெஞ்சைச் சோதித்த நர்ஸ், "வீட்டுல என்ன அடிக்கிறீங்க? முதல்ல அந்த டின்னை நிறுத்துங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, போதும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் தெருமுனை வந்ததும் அக்கா சொன்னாள்.

"டின்னு நிக்காதுடா. அவருக்கு என் மேல அடிக்கிற கவிச்சி பிடிக்கலை. வாய் திறந்து சொல்ல மனசு வரலை, அதான் டின்னை வெச்சு சொல்றாரு. கொட்டகையிலயே குளிக்கிறேன், எலுமிச்சையைக் கையில தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலே உரியுது. இன்னும் என்ன பண்ணணும்? மாசக் கடைசியில எங்க கொட்டகைப் பொண்ணுங்க இருக்கிற வீட்டுக்குப் போயிடறேன். அங்க எல்லார் மேலயும் ஒரே வாடை."

"அத்தான்கிட்ட கேட்டியா?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பதுதான். டின் இல்லாமல் வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று தேடிப் படித்தேன். செருப்பு அலமாரியிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் கிண்ணத்தில் சமையல் சோடா வைத்தேன். குப்பைக்கூடையின் அடியிலும் கொஞ்சம் தூவினேன். குளியலறையில் திறந்த டப்பாவில் காப்பித்தூள். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை வினிகர். மெத்தையை பால்கனி வெயிலில் போட்டேன், திரைச்சீலைகளைத் துவைத்தேன். காலையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனது. சில நாட்களில் வீடு வெறும் வீடாக மணத்தது.

அத்தான் எதையும் தடுக்கவில்லை. ஆனால் வரும்போதும் போகும்போதும், "மாப்ள, புது வைத்தியம் வேலை செய்யுதா?" என்று கேட்பார். செய்கிறது என்பேன். "நிஜமாவா? வாடை ஒண்ணும் இல்லையே?" என்பார். இல்லை என்பேன். அக்காவின் காலடி கேட்டதும் அவர் கை தானாக டின்னைத் தேடும். இவர் என்ன மாதிரியான மனிதர் என்று மனதுக்குள் கசந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா உள் அறையில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எலுமிச்சைத் தோலையும் நாலைந்து லவங்கத்தையும் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். வீடு மணக்க அது நல்ல வழி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால். நான் பார்க்கவில்லை. தண்ணீர் வற்றி, தோல் கரியாகி, புகை கூடத்துக்கு வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன். அடுப்பை அணைத்து எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். புகை போய்விட்டது. நாற்றம் போகவில்லை. டயரை எரித்தது போலக் கசந்தது.

அப்போது அத்தான் வந்தார். வாசலிலேயே நின்று, அடுப்பு மேல் இருந்த பாத்திரத்தையும் பக்கத்தில் கிடந்த தோல் சீவிய எலுமிச்சையையும் லவங்க டப்பாவையும் தூரத்திலிருந்து பார்த்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"அடடா, எலுமிச்சை வாசனை ஆளையே தூக்குது மாப்ள. இதுக்கு முன்னாடி அந்த டின்னெல்லாம் தூசு."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் கிண்டல் இல்லை. அக்கா கையில் மடித்த சேலையோடு அறை வாசலில் நின்றாள்.

அக்கா சேலையைக் கீழே வைத்தாள். "கண்ணை மூடுங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"மூடுங்களேன்."

மூடினார். அவள் அந்தக் கருகிய பாத்திரத்தை அவர் மூக்கடியில் பிடித்தாள். "இது என்ன?"

"எலுமிச்சை."

பால்கனிக்குப் போய், மூடிபோட்ட வாளியிலிருந்து கொட்டகையில் கட்டும் மேலங்கியை எடுத்து வந்தாள். நான் இருந்த மூலைக்கே மீன் வாடை அடித்தது. "இது?"

அத்தான் இழுத்து இழுத்துப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது.

"லவங்கமா?"

அக்கா சிரித்தாளா அழுதாளா என்பதும் எனக்கு இப்போது நிச்சயமில்லை. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சுல்ல. அதுக்கப்புறம் மூக்கு செத்துப்போச்சு. கார்க்காரருக்குத் தெரிஞ்சா, பெட்ரோல் ஒழுகினாக்கூடத் தெரியாத ஆளுக்கு வண்டி தருவாரா? ஒருநாள் சவாரிக்கு ஏறின அம்மா கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாதியில இறங்கிடுச்சு. என்ன நாத்தம்னே எனக்குத் தெரியலை. அன்னைலேர்ந்து எல்லாத்து மேலயும் அடிச்சிட்டேதான் இருக்கேன்."

"வீட்டுல எதுக்கு? அதுவும் நான் வர்ற நேரமா பார்த்து?"

"உனக்கு மூக்கு கூர்மை. என்கிட்டயோ வீட்டுலயோ ஏதாவது அடிச்சு, நீ முகம் சுளிச்சிட்டா?"

"நான் என் கவிச்சிக்குன்னு நினைச்சேன்."

அத்தான் கண்ணைத் திறந்தார். மேலங்கியை அவள் கையிலிருந்து வாங்கி இன்னொரு முறை மோந்து பார்த்தார்.

"அந்தக் கவிச்சி கிடைச்சாப் போதும்னு இருக்கேன், நீ வேற" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன்டா ஊமைக்கோட்டான், பாத்திரம் கருகினதைக்கூட வாய் திறந்து சொல்ல மாட்டியா?" என்றார்.

மிச்சமிருந்த டின்களை அக்கா அன்றே குப்பையில் போட்டாள். பை பரணுக்குப் போனது. அதன்பிறகு தினமும் காலையில் அத்தான் சட்டையை அவளிடம் நீட்டுவார். அவள் மோந்து பார்த்து, "போங்க" என்பாள், அல்லது "மாத்துங்க" என்பாள்.

அத்தான் கார்க்காரரிடம் தானே போய்ச் சொன்னார், கார் போய்விட்டது. இப்போது வாடகைக் கார் நிறுத்தத்தில் தொலைபேசி எடுத்துச் சவாரி பிரித்துக் கொடுக்கிறார். அவருக்கு மூக்கு திரும்பவில்லை. அக்கா இன்னும் மீன் வெட்டுகிறாள். இளைப்பு குறைந்திருக்கிறது, மழைக்காலத்தில் வரும். நான் அடுத்த தெருவில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். அடுப்பில் எதையாவது வைத்தால் புத்தகத்தைத் தொடுவதில்லை.