இருபத்தைந்து மூச்சு

"ஏறுங்கக்கா" என்று ஷபீனா சொன்னதும் விரல்களைக் கோத்து முழங்கைகளைத் தரையில் ஊன்றினேன். சிரசாசனம். சுவரை விட்டுத் தள்ளி, ஹால் நடுவில், இருபத்தைந்து மூச்சு நிற்க வேண்டும். நின்றால் பெண்கள் வகுப்பு என் பொறுப்புக்கு வரும். விழுந்தால் மாதக் கடைசியோடு வகுப்புக்குப் பூட்டு.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் மெஹபூப் பாஷாவின் மகள் ஷபீனா. மைசூரில் நர்ஸாக இருந்த நான்கு வருடத்தில் அஷ்டாங்க யோகா கற்றுக்கொண்டவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கல்யாண மண்டப மாடியில் பதினொரு பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது சென்னையில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்துவிட்டது, கிளம்புகிறாள்.

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் காலை ஆறிலிருந்து ஏழரை வரைதான் 'சீதாலட்சுமி, காபி எங்கே' என்று யாரும் கேட்பதில்லை. நாற்பத்திரண்டு வயதில் சுடிதார் போட்டுக்கொண்டு போகிறாளே என்று தெருவே வாயைப் பிளந்தது. பிளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் பயம் மட்டும் விடவில்லை. போன மார்கழியில் சிரசாசனத்திலிருந்து விழுந்து, கழுத்துப் பிடித்துக்கொண்டு எட்டு நாள் படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் வீட்டில் பயிற்சி. அமாவாசை, பௌர்ணமிக்கு மட்டும் ஓய்வு. எண்ணுவதற்கு என் கணவர் சேஷகிரியை உட்கார வைத்தேன். மலைக்கோயிலில் அர்ச்சனை செய்பவர். அவர் ஓர் எண் சொன்னால் எனக்கு ஒரு மூச்சு. ஒரு மாதமாக இருபத்தைந்தும் ஆடாமல் நின்றேன்.

ஹாலில் கால் மேலே போனது. ஷபீனா தன் பாட்டுக்கு எண்ணவில்லை. பக்கத்தில் மண்டிபோட்டு, என் மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வரும்வரை பார்த்து, அதற்கப்புறம்தான் ஒன்று என்றாள். இரண்டு எங்கோ தூரத்தில் வந்தது. ஏழில் தோள் எரிந்தது. பதினொன்றில் முழங்கை நடுங்கியது. பதின்மூன்றில் இடுப்பு சாய, தொப்பென்று உருண்டேன்.

அடிபடவில்லை. மானம்தான் போனது. எதிரே ஜெயம்மாள், துணிக்கடைக்காரர் மனைவி, வாயில் துப்பட்டாவை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல யாரு எண்ணறாங்க?" என்றாள் ஷபீனா.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பதினஞ்சு நாள்ல நான் கெளம்பறேன். அதுக்குள்ள ஒருவாட்டி பாத்துக்கலாம்."

கிருத்திகைக் கூட்டத்தில் நூற்றெட்டு நாமத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துத் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற மனிதரிடம் போய் மூச்சை எண்ணச் சொன்னேனே, என்னை எதால் அடிப்பது! வீட்டுக்குப் போனதும் கத்தினேன்.

"என்ன வேகம்ங்க அது? அர்ச்சனை பண்ணிகினு இருந்தீங்களா?"

"பழக்கம்தான். ஆனா அதுமட்டும் இல்ல" என்றார். "மூஞ்சி செவந்துபோயி நிக்கறே. மறுபடி கழுத்து ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது. சீக்கிரம் எறங்கட்டும்னுதான் எண்ணிகினு இருந்தேன்."

கோபம் அடங்கவில்லை. "என் உடம்பு எனக்குத் தெரியாதா? இனிமே நானே எண்ணிக்கறேன்" என்று அவரைக் கூடத்தை விட்டே அனுப்பினேன்.

மறுநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் பதின்மூன்று. ஒரு நாளைக்கு ஒரு மூச்சு. நடுக்கம் வந்த இடத்தில் முழங்கையைத் தரையில் அழுத்தக் கற்றேன். பதினெட்டில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு அழுதேன். கடைசி நாளில்கூட இருபத்து மூன்றுதான் வந்திருந்தது.

அந்த நிலையில்தான் மறுபடி ஹால் நடுவில் ஏறினேன். பதினெட்டு தாண்டியது. இருபத்திரண்டில் வியர்வை மூக்குக்குள் இறங்கியது. இருபத்து மூன்றுக்கு மேல் எனக்குத் தெரியாத இடம். கால் ஒரு பக்கம் சரிந்தது, முழங்கையை அழுத்தி இழுத்துப் பிடித்தேன். ஷபீனா அவசரப்படவே இல்லை. படுபாவி, ஒரு மூச்சுகூட விட்டுக்கொடுக்கவில்லை. இருபத்தைந்து என்று அவள் சொன்ன பிறகு, காலை நீட்டியபடியே மெல்ல இறக்கினேன். நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மாடிச் சாவியை என் பையில் அவளே போட்டாள்.

திங்கள்கிழமை நான் நடத்திய முதல் வகுப்பு. ஜெயம்மாளும் முதல்முறையாகச் சுவரை விட்டு நடுவுக்கு வந்தாள். அவள் ஏறியதும் பக்கத்தில் மண்டிபோட்டேன். ஆறில் அவள் முகம் சிவந்தது. எட்டில் கழுத்து நரம்பு புடைத்தது. விழுந்துவிட்டால் என்ன செய்வேன்? ஒன்பது, பத்து, பதினொன்று என்று மடமடவென்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் அப்போதுதான் ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினேன். அவள் அந்த மூச்சை முழுவதும் வெளியே விடும்வரை காத்திருந்து, மறுபடி ஒன்பது என்றேன்.