ஹெஸ்லின் பப்பின் பச்சைக் கதவு

ராஸ்கெல்லி ஊரில் யாராவது வெளியூர்க்காரரிடம் ஹெஸ்லின் பப்பைக் காட்டி, நல்ல இடம், போங்கள் என்று சொன்னால், சொன்னவருக்கு அன்றோடு அந்தப் பப்பின் கதவு தெரியாமல் போய்விடும். மற்றவர்களுக்கு அது இருந்த இடத்திலேயே இருக்கும்: மருந்துக்கடைக்கும் இறைச்சிக்கடைக்கும் நடுவில், பச்சை வண்ணமும் பித்தளைக் கைப்பிடியுமாக. சொன்னவருக்கு மட்டும் அங்கே வெறும் கருங்கல் சுவர். உள்ளே எழும் சத்தமும் கேட்காது. முதன்முதலில் இது நடந்தது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு, ஊருக்கு ரயில் நின்றுபோன வருடத்தில். டப்ளினிலிருந்து வந்த மைத்துனரிடம் ஹெஸ்லினில் ஆட்டுக்கறி ஸ்டூ பிரமாதம் என்று பெருமையடித்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் மருந்துக்கடைக்கும் இறைச்சிக்கடைக்கும் நடுவே நடையாய் நடந்தார். நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அவர்கள் உள்ளே போனார்கள், வாத்தியாரின் தோள் சுவரில் இடித்து வீங்கியது. யாரும் டாக்டரைக் கூப்பிடவில்லை, பாதிரியாரையும் கூப்பிடவில்லை. வாத்தியார் வீக்கத்துக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தக் கோபத்தில் சாகும்வரை ஹெஸ்லின் என்ற பெயரையே வாயில் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து ராஸ்கெல்லிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே சாப்பிடலாம் என்று வெளியூர்க்காரர் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் 'தங்க நங்கூரம்' பப்புக்கு அனுப்பிவைப்பார்கள். அங்கே போடும் மீனைக் கடற்பறவைகளே மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இந்தக் காரியத்தில் மலாக்கி டர்கனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன்தான் ஸ்லைகோவிலிருந்து வரும் பஸ்ஸை ஓட்டுகிறவன். ஊருக்குள் வருகிற வெளியூர்க்காரர் எல்லாரும் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வந்தாக வேண்டும். நங்கூரத்துக்கு எதிரில் வேகத்தைக் குறைத்து, "இறங்குங்க, இறங்குங்க, இதைவிட நல்ல கடை இந்தக் கவுன்ட்டியிலயே கிடையாது" என்பான். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருக்காது. பாவம், ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள். நங்கூரத்துக்காரன் இரண்டாவது மாடி கட்டினான்.

மலாக்கியின் மனைவி டிம்ப்னா சனிக்கிழமைகளில் ஹெஸ்லினில் பாடுவாள். அந்தப் பப்பில் யாராவது பாட ஆரம்பித்துவிட்டால் பேச்சு நின்றுவிட வேண்டும், பீர் குழாயும் நின்றுவிட வேண்டும். பாதி நிரம்பிய கிளாஸ் பாட்டு முடியும்வரை பாதியாகவே நிற்கும். டிம்ப்னா குளிர்காயும் அடுப்பு நெருப்புக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து, உப்புப் படகு ஓட்டப் போனவனைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றைப் பாடுவாள். மூன்றாவது சரணத்தில் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் வரி மறந்துபோகும். எதிர் ஸ்டூலிலிருந்து மலாக்கி சொல்லிக் கொடுப்பான்: உப்பு நனைந்தால் நனையட்டும், நீ நனையாமல் வா. அவள் சிரித்துவிட்டு, அங்கிருந்து எடுத்துக் கடைசிவரை பாடி முடிப்பாள். இருபத்தாறு வருடம் இப்படித்தான் போயிற்று. ஒரு பிப்ரவரியில் பாடிவிட்டு வீட்டுக்கு வந்தவள், மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பப்பின் முதலாளியம்மா பெர்னி ஹெஸ்லின் நெருப்பு மூட்டியதும் மூலையிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. ஆள் இல்லை, குரல் மட்டும். பெர்னி பழக்கதோஷத்தில் குழாயை மூடினாள். மூன்றாவது சரணத்தில் குரல் நின்றது. எதிர் ஸ்டூலிலிருந்து மலாக்கி வரியைச் சொன்னான். குரல் சிரித்தது, பிறகு மீதியைப் பாடியது. அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. மலாக்கி தன் வீட்டை வெறும் படுக்கிற இடம் என்றுதான் நினைத்துக்கொண்டான்.

டிம்ப்னா போன ஏழாவது வருடத்தில், ஒரு அக்டோபர் மாலை, பெர்னி மேஜையைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பப்பைக் கால்வே நகரத்துக்காரன் ஒருவனுக்கு விற்கப்போகிறாள். அவன் உள்ளே எல்லாவற்றையும் இடித்துச் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகள் கட்டுவான்; அடுப்பை அடைத்துப் பூசிவிடுவான். அன்றைக்கு உள்ளே இருந்தவர்களே மூன்று பேர். பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போய்விட்டார்கள், இளசுகள் பாஸ்டனுக்கும் பெர்த்துக்கும் போய்விட்டார்கள். புதிதாக ஒருத்தனும் வருவதில்லை. எப்படி வருவான்?

"நாமதான்டா கொன்னுட்டோம்" என்றான் பாக்கி க்விக்லி. அவன் ஆடு வளர்ப்பவன், மலாக்கிக்குச் சின்ன வயதுச் சிநேகிதன். "ஊருக்கு வர்றவனையெல்லாம் அந்த நாத்த மீன்காரன்கிட்ட அனுப்பி அனுப்பி, அவனை மாடி கட்ட வெச்சிட்டு, பெர்னியத் தெருவுக்குக் கொண்டுவந்துட்டோம். அதுலயும் நீ இருக்கியே, பஸ் நிறையக் கொண்டுபோய்க் கொட்டின!"

"வாய மூடு. யாரச் சொல்லச் சொல்ற? நீ சொல்றியா?"

"சொல்றேன்டா. நான் என்ன, போத்தல்ல வாங்கி வீட்ல குடிச்சுக்கறேன்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் பெர்னி. "யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். வித்தா விக்கிறேன். நானே சொன்னா நான்தான் வெளிய நிக்கணும்."

பாக்கி சொன்னபடி செய்தான். ஆட்டுப் பாதையில் வழி தவறி வந்த டேனிஷ் தம்பதியிடம் ஹெஸ்லினுக்குப் போங்கள், ஸ்டூ சாப்பிடுங்கள் என்றான். அவர்கள் போனார்கள், சாப்பிட்டார்கள், மறுநாளும் வந்தார்கள். பாக்கிக்குக் கதவு போயிற்று. போத்தலோடு வீட்டில் உட்கார அவனால் முடியவில்லை. தினமும் சாயங்காலம் வந்து சுவரோரம் நின்றான், மழையானாலும் நின்றான், நவம்பர் கடைசியில் மார்ச்சளி கட்டிச் செத்துப்போனான். கல்லறைக்குப் போகிற வழியில் பிணவண்டி அவரவர் வழக்கமாகப் போகும் பப்புக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பது அந்த ஊர் வழக்கம். பாக்கியின் வண்டியும் நின்றது. மலாக்கி பச்சைக் கதவைப் பார்த்தான், பிறகு பெட்டியைப் பார்த்தான். அட முட்டாளே, சொன்னதுதான் சொன்னாய், இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தான். கதவு போனபின் இழப்பதற்கு வேறொன்றும் இல்லை. அதன்பின் ஆயிரம் பேரிடமும் சொல்லலாம். ஆனால் பாக்கிக்குப் பேச ஆடுகள்தான் இருந்தன. பஸ் இருந்தது மலாக்கியிடம்.

அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் டிம்ப்னாவின் குரல் அவனுக்கு இல்லை. சொல்லாவிட்டால் அந்தக் குரலே இல்லை, அடுப்போடு சேர்த்துப் பூசிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை போய் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தான். பாட்டு வந்தது. மூன்றாவது சரணத்தில் வரியைச் சொல்லிக் கொடுத்தான், அவள் சிரித்தாள். அன்றைக்கு அவன் கொஞ்சம் தாமதித்துச் சொன்னான், அவள் காத்திருக்கட்டும் என்று. அந்த மௌனமும் அவளுடையதுதானே. பெர்னியிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு டச்சுக் குடும்பம், சாப்பிட நல்ல இடம் எது என்று கேட்டது. நங்கூரம் வந்தது. மலாக்கி வேகத்தைக் குறைக்கவில்லை.

"ஹெஸ்லின்" என்றான். "பச்சைக் கதவு. ஸ்டூ கேளுங்க, சோடா ரொட்டி கேளுங்க. சனிக்கிழமை வரைக்கும் இருந்தீங்கன்னா நெருப்புக்குப் பக்கத்துல போய் உக்காருங்க. ஒரு பொம்பளை பாடுவா. அப்ப மட்டும் பேசாதீங்க, தயவுசெஞ்சு."

அன்று சாயங்காலம் மருந்துக்கடைக்கும் இறைச்சிக்கடைக்கும் நடுவே கருங்கல் சுவர் நின்றது. மலாக்கி கையால் தடவிப் பார்த்தான். ஓர் இடத்தில் கல் கதகதவென்று இருந்தது. அதற்குப் பின்னால்தான் அடுப்பு. அங்கே சாய்ந்து நின்று அழுதான். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிய எல்லாரிடமும் ஹெஸ்லினைப் பற்றிச் சொன்னான். கேட்டவர்களிடமும் சொன்னான், கேட்காதவர்களிடமும் சொன்னான்.

பப் பிழைத்தது. ஈஸ்டருக்குள் பெர்னி சமையலுக்கு இரண்டு ஆள் வைத்தாள். கோடையில் வாசலில் வரிசை நின்றது. கால்வேக்காரன் வேறு ஊரில் வேறு பப்பை வாங்கி இடித்தான். மலாக்கி சனிக்கிழமைகளில் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சூடான கல்லில் முதுகை வைத்து நிற்பான். பெர்னி சுவருக்குள்ளிருந்து கிளாஸோடு வெளியே வருவாள். முதலில் கை வரும், பிறகு ஏப்ரன் வரும், பிறகு அவள் வருவாள். ஆரம்பத்தில் அவனுக்குத் திக்கென்றிருந்தது, பிறகு பழகிவிட்டது.

"பாடினாளா?"

"பாடினா."

"முழுசா?"

"முழுசா, மலாக்கி. குடி, ஆறிடப் போகுது."

"பீரு ஆறுமாடி?"

இரண்டு வருடம் அவன் அதை நம்பினான். இழந்தாலும் வீண்போகவில்லை என்று சொல்லிக்கொள்ள அவனிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். மூன்றாவது வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஊரைவிட்டுப் போகும் வேல்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தி பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். தேவாலயத்தில் பாடுகிறவளாம். ஊரைப் பற்றிப் புகழ்ந்துகொண்டே வந்தாள்.

"நீங்க ஹெஸ்லினுக்குப் போயிருக்கீங்களா சார்? கண்டிப்பாப் போகணும். சாப்பாடும் சரி, அந்தப் பாட்டும் சரி. ஸ்பீக்கர எங்க வெச்சிருக்காங்கன்னே தெரியல. பாதிப் பேரு பேசிட்டே இருந்தாங்க, எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு."

"நல்லாப் பாடினாளா?"

"என்னா குரலு! ஆனா பாட்டுதான் பாதியில நின்னுபோச்சு. வரி மறந்த மாதிரி. யாராவது சொல்லித் தருவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு சார். ரொம்ப நேரம். அப்புறம் அவ்வளவுதான், வரவேயில்ல."

மலாக்கி ஸ்லைகோ வரைக்கும் ஓட்டினான், ஆட்களை இறக்கினான், திரும்பி வந்து பஸ்ஸை நடுத்தெருவில் அப்படியே நிறுத்திவிட்டுச் சுவரைக் கையால் குத்தினான். உள்ளே என்ன கேட்டதோ, பெர்னி வெளியே வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"மூணு வருஷமாடி? மூணு வருஷமா அவ வாயத் தொறந்துட்டுக் காத்துக்கிட்டு இருக்கா, நீ என்கிட்ட முழுசா, முழுசான்னு..."

"நான் சொல்லிக் குடுத்தேன்டா! முதல் வாரத்துலேர்ந்து சொல்லிக் குடுத்தேன். மருந்துக்கடைக்காரர் சொன்னாரு. எங்க அண்ணன் உன் குரல் மாதிரியே பேசிப் பார்த்தான். அவ கேக்க மாட்டேங்கறா. உன்கிட்ட என்னன்னு வந்து சொல்வேன்? உன்னாலதான் எனக்கு வீடு இருக்கு. எந்த வாயால சொல்வேன்?" பெர்னி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். மலாக்கிக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. மலாக்கி பெர்னியிடம் ஒரே ஒரு உதவி கேட்டான்: குரல் நிற்கும்போது வெளியே வந்து தலையை ஆட்டு, போதும். சூடான கல்லைத் தேடி, தொப்பியைக் கழற்றி, அதில் நெற்றியை வைத்து நின்றான். கல்லிடம் பேசுவதற்கு அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எதிர்ச்சாரியில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்து பெர்னியின் தலை மட்டும் வந்து ஆடியது. மலாக்கி வரியைச் சொன்னான். பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னான்: "உப்பு நனைந்தால் நனையட்டும், நீ நனையாமல் வா."

பெர்னி உள்ளே போய்விட்டாள். அவனுக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பெர்னி முழுதாக வெளியே வந்து, "சிரிச்சா" என்றாள். "சிரிச்சாடா. கடைசிவரைக்கும் பாடிட்டா."

மலாக்கி அவளைப் பார்த்தான். மூன்று வருடம் பொய் சொன்ன வாய் அது. அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான். அப்போது கார்க் நகரத்துக் குண்டன் ஒருவன் சிகரெட் பிடிக்கச் சுவருக்குள்ளிருந்து வெளியே வந்தான். தீப்பெட்டியைத் தேடிக்கொண்டே ஒரு மெட்டை முனகினான். மூன்றாவது சரணத்தின் கடைசிப் பகுதி அது, படகு கரைக்கு வராத இடம். அந்த வரி வந்த பிறகுதான் அது வரும். டிம்ப்னா அல்லாமல் வேறு யாரும் அதைப் பாடி அந்த ஊர் கேட்டதில்லை. மலாக்கி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"மெட்டு தப்பு" என்றான். "கடைசியில மேல போகக் கூடாது. கீழ இறங்கணும்."

அதற்குப் பின் சனிக்கிழமைகளில் பஸ் சுவரோரம் நிற்கும். மருந்துக்கடைக்காரர் அந்த நேரத்தில் ஷட்டரைச் சத்தமில்லாமல் இறக்குவார், தெருவில் போகிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், மலாக்கி கல்லிடம் தன் வரியைச் சொல்வான். டிம்ப்னா உள்ளே பாடி முடிக்கிறாள் என்று வெளியூர்க்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவனுக்கு இதுவரை எதுவும் கேட்டதில்லை.