படையல் கிழங்கு

"வாயைக் கட்டணும், ஒரு துணி கொடு தங்கச்சி," என்றான் தர்மலிங்கம்.

மருதம்மாள் எதைக் கொடுப்பாள்? அவள் உடுத்தியிருந்ததே சாக்கு. ஜப்பான்காரன் வந்த பிறகு தோட்டத்து லயத்தில் பிணத்துக்குப் போர்த்தவும் துணி கிடையாது. சாக்கின் ஓரத்தைப் பல்லால் கிழித்து அண்ணனிடம் நீட்டினாள். எத்தனை கெஞ்சியும் திறக்காத அவள் புருஷன் முருகையாவின் வாய், செத்த பிறகு ஆவென்று திறந்து கிடந்தது.

அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அங்கே வாந்திபேதியில் போய்விட்டான் என்று சேதி வந்தது. தாலியை அறுத்தாள், கருமாதியும் முடிந்தது. இந்த மழைக்காலத்தில் திகாம் பத்து என்கிற ஊர்ப் பக்கமிருந்து நடந்தே வந்து வாசலில் நின்றான் மனுஷன். நோய் விட்டிருந்தது. புத்திதான் திரும்பி வரவில்லை. கொளுத்துவதற்காகப் பிணங்களோடு பிணமாக அவனையும் ஒரு குடிசையில் போட்டிருந்தார்களாம்.

"எனக்குக் கருமாதி செஞ்சாச்சா, மருது?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "செஞ்சாச்சுங்க."

"நல்லதாப் போச்சு. செத்தவனுக்கு எதுக்குச் சோறு?"

அன்றிலிருந்து தட்டைத் தொடவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், காலில் விழுந்தாள். ஒருநாள் வேறு வழி தெரியாமல் வாழையிலையில் மரவள்ளிக்கிழங்கை வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். திறந்தபோது இலை காலி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பிறகு தினமும் படையல்தான். அவன் கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்தது. ஒருநாள் சாத்திய கதவுக்குள்ளிருந்து, "கிழங்குல உப்பு கம்மி," என்று குரல் வந்தது. அட, செத்தவனுக்கு வந்த வாயைப் பார் என்று அவள் பூரித்துப்போனாள்.

தர்மலிங்கத்துக்கு இது தெரிந்தபோது லயமே கேட்கக் கத்தினான்.

"உசுரோட இருக்கிறவனுக்குப் படையலா? வீடு வெளங்குமாடி? அவன் நடிக்கிறான். காயப் போடு. வயிறு எரிஞ்சா தட்டை நக்குவான்."

லயத்துப் பெண்களும் ஆமாம் போட்டார்கள். விளக்கைத் தர்மலிங்கமே தூக்கிக்கொண்டு போனான். புருஷன் தெளிந்துவிடுவான் என்று அவளும் நம்பித் தொலைத்தாள். தட்டில் வைத்துப் பார்த்தாள். ஊட்டிப் பார்த்தாள். முருகையா சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். வயிறு ஒட்டியது, கண் உள்ளே போனது. பொறுக்காமல் ஒருநாள் இலையை அறுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு மட்டும்ண்ணே."

"இன்னைக்குப் போட்டா இத்தனை நாள் போட்ட பட்டினி வீணாப் போயிரும்," என்று அண்ணன் இலையைப் பிடுங்கி மடித்தான்.

மறுநாள் விடிந்தபோது முருகையா இல்லை.

புதைத்தாயிற்று. பால் தெளிக்கும் நாளில் பாலுக்கு எங்கே போவது? தண்ணீரைத் தெளித்துவிட்டு வந்தார்கள். அந்தக் கையோடு தர்மலிங்கம் விளக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். நல்ல தலைவாழையிலையும் கொண்டுவந்திருந்தான்.

"ம், இப்பப் போடலாம். படையலைப் போடு."

"நீ நல்லா இருப்பியாண்ணே?" என்றாள் மருதம்மாள். அவன் இலையை விரித்தான்.

கிழங்கை அவித்து வைத்தாள். விளக்கேற்றிக் கும்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, பழக்கதோஷத்தில் காதை வைத்துக்கொண்டு வெளியே நின்றாள்.

வெகுநேரம் கழித்துத் திறந்தாள். கிழங்கு வைத்தபடியே இருந்தது.

ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.